முளைப்பாரி வீட்டில் ஒரு மீன்

ஜெயபாண்டி வீட்டுப் பக்கவாட்டு அறைக்கு ஒரு சன்னல் இருந்தது. மீன்தொட்டி வாங்கிய மறுவாரமே அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டான். வெயில் பட்டால் தொட்டியில் பாசி பிடிக்கும். செருப்போடு யாரும் உள்ளே போகக் கூடாது என்றான். கொசு மருந்து கூடாது, சென்ட் கூடாது, சாப்பிட்ட கையோடு கண்ணாடியைத் தொடக் கூடாது. அவன் மனைவி முனீஸ்வரி அந்த அறைக்குக் கர்ப்பக்கிரகம் என்று பெயர் வைத்தாள். கேலியாகத்தான் சொன்னாள். தெருப் பெண்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொட்டியில் ஒரே ஒரு ஆஸ்கார் மீன். ஒரு சாண் நீளம், கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டு. ஜெயபாண்டிக்கு அவனியாபுரத்தில் லேத்துப் பட்டறை. நாள் முழுக்க இரும்புச் சத்தம். வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் மீன் கண்ணாடிக்கு வந்து அவனைப் பார்க்கும். அப்படி அவனைப் பார்ப்பதற்கு வீட்டில் வேறு யாருக்கும் நேரமில்லை. முனீஸ்வரி அதை "உங்க தம்பி" என்பாள். அவனும் மறுத்ததில்லை.

மீனால் அவனுக்கு ஒரே ஒரு கவலைதான். நைட்ரேட். மீன் தின்னும், கழியும். கழிவு தண்ணீரில் மாறி மாறிக் கடைசியில் நைட்ரேட்டாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நாறாது, ஏறிக்கொண்டே போகும். பில்டர் குப்பையைப் பிடிக்கும், இதைப் பிடிக்காது. பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும். அதிலும் ஒரு சங்கடம். ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் வயல், யூரியா தின்ற மண். அவன் வீட்டு போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருந்தது. அதனால் மீனுக்குக் கேன் தண்ணீர். வீட்டில் மற்றவர்கள் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தார்கள்.

சோதிப்பதற்கு ஒரு டப்பா வைத்திருந்தான். சின்னக் கண்ணாடி ட்யூபில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, இரண்டு மருந்தையும் சொட்டவிட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். மஞ்சளாக நின்றால் சுத்தம். ஆரஞ்சு என்றால் பொறுக்கலாம். சிவந்துவிட்டால் ஆபத்து. ஜெயபாண்டி பண்டிகை நாளில்கூட முதலில் ட்யூபைப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குவான்.

பங்குனியில் காளியம்மன் கோயில் திருவிழா வந்தது. வழக்கமாக முளைப்பாரி போடுகிற வீட்டை இடித்துப் போட்டிருந்தார்கள். முளைப்பாரி வளர்க்கிற அறைக்கு வெளிச்சம் ஆகாது, செருப்பு ஆகாது, எச்சில் ஆகாது. தெருவில் அப்படி ஓர் அறை எங்கே என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

தங்கப்பொண்ணு வந்து பார்த்தாள். தெருமுனையில் இட்லி மாவுக் கடை வைத்திருப்பவள். முளைப்பாரிக்கு அவள்தான் தலைமை. அடைத்த சன்னலைத் தடவிப் பார்த்தாள்.

"நமக்குன்னே கட்டியிருக்கான்டி."

"பெரியம்மா, உள்ள மீன் இருக்கு," என்றான் ஜெயபாண்டி.

"இருக்கட்டுமே. அதத் திங்கவா வந்துருக்கோம்? எல்லாரும் விரதம்."

"நான் தெனமும் உள்ள போகணும்."

"ஆம்பள உள்ள வரப்படாது."

"அப்ப மீனும் ஆம்பளதான். வெளிய எடுத்துருவோம்."

தங்கப்பொண்ணு குனிந்து தொட்டியை உற்றுப் பார்த்தாள். "எத வச்சுச் சொல்ற?"

ஆஸ்காரில் ஆண் எது பெண் எது என்று விற்றவனுக்கே தெரியவில்லை.

"தெரியலேல்ல? அப்ப பொம்பளன்னே வச்சுக்குவோம்."

தொட்டியை நகர்த்த வேண்டுமென்றால் தண்ணீரை வடிக்க வேண்டும், நாலைந்து ஆள் வேண்டும். பட்டறைப் பையன்களை அழைத்துக்கொண்டு அவன் திரும்பி வருவதற்குள் கோயிலில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டிவிட்டால் முளைப்பாரி வீட்டிலிருந்து ஒரு துரும்பைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. தொட்டியின் இரும்புக் காலிலும் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது.

"பெரியம்மா, அது செத்துப்போகும்," என்றான் வாசலில் நின்று.

தங்கப்பொண்ணு நிலைப்படிக்கு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பேச்சே வேணாம். சாமி வீட்ல ஒரு உசுரு போனா தீட்டு. மொளப்பாரி அம்புட்டையும் அள்ளிக் கொட்டிட்டுத் திருவிழாவ நிப்பாட்டணும். தெருவுல ஒருத்தி உன் மூஞ்சில முழிக்க மாட்டா. சாகாம பாத்துக்க."

"உள்ளயே விட மாட்டேங்கிறீங்க. எப்படிப் பாத்துக்கிறது?"

"வெளியிலருந்து பாத்துக்க."

கதவு சாத்திக்கொண்டது.

முதல் நாளே மீன் தீவனம் வெளியே வந்து விழுந்தது. கருவாட்டு வாடை அடிக்கிறதாம். சாமி வீட்டில் கவிச்சி கூடாது. மீனே கவிச்சிதானே என்று ஜெயபாண்டி கேட்டான். உயிரோடு இருக்கிற வரைக்கும் இல்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. முளைப்பாரிக்கு ஊறப்போட்டதில் மிஞ்சிய பயறைத் தூவினார்கள். மீன் தின்றது. ஜெயபாண்டிக்கு அது துரோகமாகப் பட்டது.

பட்டறையை மதியத்தோடு மூடிவிட்டு வந்து கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். உள்ளே பானைகளில் வைக்கோலும் சாணத்தூளும் பரப்பி விதை தூவியிருந்தார்கள். சாயங்காலமானால் பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். பில்டர் சத்தம் கேட்கிறதா என்று அவன் கதவில் காதை வைப்பான். கும்மிச் சத்தம்தான் கேட்கும்.

முனீஸ்வரியும் பாரி போட்டிருந்ததால் அவளுக்கு உள்ளே இடமிருந்தது. ட்யூபை எப்படிப் பிடிப்பது, எந்தப் பாட்டிலை எப்போது குலுக்குவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே குலவைச் சத்தம் எழுந்தது. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"என்னாச்சு?"

"ஏங்க, செவப்புங்க!" முனீஸ்வரி குரலில் இப்படியொரு சந்தோஷத்தை அவன் கேட்டு நாளாயிற்று. "அப்படியே குங்குமம்! கண்ணு முன்னாடி மஞ்சளாருந்து குங்குமமா மாறுச்சுங்க!"

ட்யூபைப் பாரிக்கு நடுவில் நட்டுவைத்துச் சூடம் காட்டினார்கள். அந்த வாசம் கதவிடுக்கு வழியாக வந்தது.

"முனீசு, செவப்புன்னா வெசம். பாதித் தண்ணிய எடுக்கணும்."

உள்ளேயிருந்து தங்கப்பொண்ணு குரல் வந்தது.

"செவப்பு வெசம்னு எவன் சொன்னது?"

"அட்டையில போட்டிருக்கு பெரியம்மா."

"அட்டைய அடிச்சவன் எந்த ஊர்க்காரன்?"

"வெளிநாடு."

"அவனுக்கு அம்மனப் பத்தி என்ன தெரியும்?"

அம்மன் கோயில் தெருவில், பங்குனி மாசத்தில், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, குங்கும நிறம் கெட்டது என்று நிரூபிக்கிற வழி ஜெயபாண்டிக்குத் தெரியவில்லை.

அழகுபாண்டி ஷேர் ஆட்டோவில் தண்ணீர்க் கேன்களைக் கொண்டுவந்து இறக்கினான். ஜெயபாண்டியின் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆட்டோவின் மேலேயே சாய்ந்து சிரித்தான்.

"மாப்ள, ஒரு மீனுக்காக ஊரே வெரதம் இருக்கிறத இப்பத்தான் பாக்குறேன். பேசாம அதுக்கும் ஒரு உண்டியல் வச்சுரு."

"போடா. தண்ணி மாத்தலேன்னா தாங்காதுடா."

"தீர்த்தத்த எவன்டா மாத்துவான்? குடுத்தா வாங்கிக்குவாளுக."

சொன்னவன் கேனை இறக்கப் போய்விட்டான். அந்தக் கடைசிச் சொல்லை ஜெயபாண்டி பிடித்துக்கொண்டான். நேராகப் போய்க் கதவைத் தட்டினான்.

"பெரியம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"அம்மன் குங்குமத்த எறக்கியிருக்கிற தண்ணி. அதத் தொட்டியிலயே பூட்டி வச்சா எப்படி? மொளப்பாரிக்கு ஊத்த வேணாமா?"

உள்ளே முணுமுணுப்பு. ஒருத்தி ஆமாம் என்றாள். இன்னொருத்தி இத்தனை நேரம் தோணாமல் போச்சே என்றாள். சொம்பு தண்ணீரில் முங்குகிற சத்தம் கேட்டது. ஜெயபாண்டி கேன்களை நிலைப்படிக்குத் தள்ளினான். எடுத்த அளவுக்கு இதை ஊற்றி நிரப்பிவிட வேண்டும், தீர்த்தம் குறையக் கூடாது என்றான். குறையவிடுவோமா என்றார்கள்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் பாரிக்குத் தொட்டித் தண்ணீர், தொட்டிக்குக் கேன் தண்ணீர். முனீஸ்வரி தினமும் பார்த்த ட்யூப் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து ஆரஞ்சுக்கு வந்தது. மீனுக்கு விஷம், பயிருக்குச் சோறு. முளைப்பாரி எகிறிக்கொண்டு வளர்ந்தது. பக்கத்துத் தெருப் பாரி இன்னும் விரல்கடை தாண்டவில்லை, நம்முடையது முழம் போட்டிருக்கிறது என்று முனீஸ்வரி வந்து சொன்னாள். ஜெயபாண்டிக்கு அதில் அக்கறையில்லை. அவன் நிம்மதியாகப் பல் விளக்கினான், சோறு தின்றான், பட்டறைக்குப் போனான்.

ட்யூப் மஞ்சளானதும் வந்தது வினை.

"குங்குமம் அழிஞ்சுபோச்சு," என்றாள் தங்கப்பொண்ணு.

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. அங்கிருந்த அத்தனை பேரும் தாலி கட்டியவர்கள். அன்று காலையில்தான் ஒருத்தியின் புருஷன் பைக்கிலிருந்து விழுந்து முழங்கையைப் பெயர்த்திருந்தான். இன்னொருத்தியின் புருஷனுக்கு இரண்டு நாளாக வயிற்றால் போனது. அழகுபாண்டியின் ஆட்டோ பஞ்சர் என்று தெரிந்ததும் அவன் பெண்டாட்டி அழவே ஆரம்பித்தாள்.

"மஞ்சளும் மங்களந்தானே பெரியம்மா?"

"மஞ்சள் மொதல்லயே மஞ்சளா இருந்தா மங்களம். குங்குமம் இருந்த எடத்துல வந்தா என்ன அர்த்தம்? நீ ஆம்பள, ஒனக்கென்ன, போயிச் சேர்றவன்."

தண்ணீர் எடுப்பதை நிறுத்தினார்கள். பாரிக்கு இனிமேல் போர் தண்ணீர் போதும் என்று முடிவாயிற்று. கேன்கள் நிலைப்படியில் அப்படியே நின்றன.

அன்று ராத்திரி சாப்பிடும்போது முனீஸ்வரி கேட்டாள்.

"ஏங்க, அந்தத் தண்ணி எதனால செவக்குது?"

தொட்டி வாங்கியதிலிருந்து நைட்ரேட்டைப் பற்றி யாரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் சொல்லப் போனாலும் எழுந்து போய்விடுவார்கள். ஜெயபாண்டி சோற்றுக் கையோடு திரும்பி உட்கார்ந்தான். மீன் தின்பது எப்படிக் கழிவாகிறது, கழிவு எப்படி மாறுகிறது, கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் பில்டரில் என்ன வேலை பார்க்கின்றன என்று முதலிலிருந்து சொன்னான். கை காய்ந்து போகிற வரைக்கும் சொன்னான். முனீஸ்வரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"அப்ப அது எம்புட்டுக்கு எம்புட்டுத் திங்குதோ, அம்புட்டுக்கு அம்புட்டுச் செவக்கும்?"

"அவ்வளவுதான் விஷயம்," என்றான் ஜெயபாண்டி. சொல்லிக்கொடுத்த திருப்தியோடு கை கழுவப் போனான்.

மறுநாள் மீனுக்கு விருந்து. பயறு போட்டார்கள். அம்மனுக்குப் படைத்த துள்ளுமாவைப் பிடி பிடியாக உருட்டிப் போட்டார்கள். ஊர்வலத்தன்று குங்குமம் திரும்பியிருக்க வேண்டும் என்பதற்காகத் தங்கப்பொண்ணு தன் கடையிலிருந்து ஒரு தூக்குவாளி மாவு கொண்டுவந்து ஊற்றினாள். எல்லாம் புருஷன்மார் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான்.

ஊர்வல நாள் விடிந்தது. கோயிலில் உறுமி மேளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்து முனீஸ்வரி மட்டும் வெளியே வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஏங்க, படுத்துருக்கு."

"எப்படி?"

"ஒருச்சாஞ்சு."

"செவுள் அசையுதா?"

"அசையிற மாதிரித்தான் இருக்கு. நாங்க எல்லாரும் பாக்குறதால அசையிற மாதிரி இருக்கோ என்னமோ."

"தண்ணி?"

"மோராட்டம் இருக்கு."

"என்னடி போட்டீங்க?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், இட்லி மாவு உட்பட.

"ட்யூபு?"

"செவப்பு," என்றாள். இந்த முறை யாரும் குலவை போடவில்லை.

இது நைட்ரேட்டோடு நிற்கிற காரியமில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. மாவு புளித்துத் தண்ணீரில் மூச்சே இல்லாமல் போயிருக்கும். அவன் கதவை நோக்கி நடந்தான். தங்கப்பொண்ணு இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக் குறுக்கே நின்றாள்.

"பெரியம்மா, தள்ளுங்க."

"அது செத்தாலும் தீட்டு. நீ வந்தாலும் தீட்டு."

"நான் வந்தா ஒரு தீட்டோட போகும். இல்லேன்னா அதுவும் செத்து, நீங்க அம்புட்டுப் பேரும் என் மூஞ்சில முழிக்காம, எல்லாம் சேந்து வரும். யோசிச்சுப் பாருங்க."

அவள் யோசித்தாள். மாவை ஊற்றிய தூக்குவாளி இன்னும் அவள் காலடியில்தான் இருந்தது. திரும்பி உள்ளே கேட்டாள்.

"ஏன்டி, நேத்திக்கடனுக்கு ஆம்பளைக பொம்பள வேசம் போடுறது நம்ம கோயில்ல உண்டா இல்லையா?"

"உண்டு," என்றார்கள்.

"வேசம் போட்டவன் ஆம்பளக் கணக்கா, பொம்பளக் கணக்கா?"

கொஞ்சம் தயங்கி, "பொம்பளக் கணக்கு," என்றார்கள்.

"முனீசு, ஒன் சேல ஒண்ண எடுத்துட்டு வா."

ஜெயபாண்டி சட்டையைக் கழற்றினான். முனீஸ்வரி தன் பச்சைச் சேலையை அவனுக்குச் சுற்றி, கொசுவம் வைத்து, வேட்டிக்கு மேல் செருகினாள். யாரோ பூ கொடுத்தார்கள். காதில் மாட்டிவிட்டார்கள், தலையில் நிற்கவில்லை.

"மீச இருக்கேக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

தங்கப்பொண்ணு அந்த மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கட்டும். எங்க மாமியாளுக்கு இதவிடப் பெருசு."

நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

உள்ளே இருட்டில் பாரிகள் பானையோடு முழங்காலுக்கு மேல் நின்றன. வெளிறிய பச்சை, தொட்டால் ஒடியும் தண்டு. அவன் அவற்றுக்கு நடுவே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனான். மீன் அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் விட்டு விட்டு அசைந்தது. ஓஸ் குழாயை எடுத்து ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சினான். மாவுத் தண்ணீர் வாய்க்கு வந்தது. துப்பப் போனான்.

"துப்பாதே!" என்றாள் தங்கப்பொண்ணு. "குங்குமத் தண்ணி."

விழுங்கினான்.

தண்ணீரை எங்கே விடுவது என்று அடுத்த சிக்கல். சாக்கடையில் விடக் கூடாது. பாரிக்கு ஊற்றினால் இன்று தூக்க முடியாது. கடைசியில் ஆளுக்கொரு குடம் கொண்டுவந்தார்கள். நிறைந்த குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசலில் தெளித்தார்கள், முருங்கைக்கு ஊற்றினார்கள், கொஞ்சம் சொம்பில் பிடித்துச் சாமி மாடத்தில் வைத்தார்கள். நிலைப்படிக் கேன்கள் போதாமல், திரும்பும்போது அவரவர் வீட்டுக் கேன் தண்ணீரை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு குடம் நைட்ரேட் போனால் ஒரு கேன் நல்ல தண்ணீர் வந்தது. சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஜெயபாண்டி மாவை அடியோடு உறிஞ்சி எடுத்தான்.

மீன் ஒரு முறை வாலை அடித்தது. விழுந்தது. மறுபடி அடித்தது. பிறகு மெதுவாக நிமிர்ந்து, நேராக நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த மீசை வைத்த பொம்பளையைப் பார்த்தது. மிரண்டு பின்னால் போனது.

"நான்தான்டா," என்றான் ஜெயபாண்டி.

முனீஸ்வரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரோ ஒருத்தி முதலில் ஆரம்பிக்க, அறை முழுக்கக் குலவை எழுந்தது. அதற்கும் மீன் மிரண்டது. ஆனால் நிமிர்ந்தேதான் இருந்தது.

அவன் ஓஸைச் சுற்றி வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினான்.

"எங்க போற?" என்றாள் தங்கப்பொண்ணு. "உள்ள வந்தவ வெறுங்கையோட வெளிய போகப்படாது."

"பெரியம்மா..."

"வந்தவனா இருந்தா தீட்டு. வந்தவளா இருந்தா பாரி தூக்கணும். எது, நீயே சொல்லு."

அவன் மீனைப் பார்த்தான். மீன் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. தலையைக் குனிந்தான். சும்மாடு வைத்து ஒரு பாரியை ஏற்றினார்கள்.

ஊர்வலம் கண்மாயை நோக்கிக் கிளம்பியது. உறுமி முன்னால் போனது. அவன் பட்டறைப் பையன்கள் டீக்கடையில் நின்று கையில் கிளாஸோடு பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சம்பளம் கொடுப்பவன் என்பதாலா, சாமி காரியம் என்பதாலா என்று சொல்ல முடியாது. ஊர்வலத்துக்கு வழிவிட்டு ஓரங்கட்டியிருந்த ஆட்டோவிலிருந்து ஒரு தலை நீண்டது.

"மாப்ள?" என்றான் அழகுபாண்டி. "மாப்ளதானா?"

"இன்னும் அஞ்சு கேன் எறக்கி வை. பொழுது சாயிறதுக்குள்ள மறுபடி மாத்தணும்."

"தெரிஞ்சவன்னு வெளிய சொல்லிக்கிறதா, வேணாமா?"

"தண்ணிய எறக்கிட்டு என்ன வேணா சொல்லு."

ஏர்போர்ட்டில் இறங்கப் போகிற விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ்ந்து போனது. பாரிகள் அசைந்தன. நிமிர்ந்த கழுத்தைத் திருப்ப முடியாமல் அவன் முன்னால் போகிற முதுகைப் பார்த்துக் கத்தினான்.

"முனீசு! பில்டர ஓட விட்டுட்டு வந்தியா?"

"ஓடுது! முன்னாடி பாத்து நடங்க!"

"கதவு?"

"தெறந்துதான் இருக்கு. காத்து வரட்டும்னு நீங்கதான சொன்னீங்க."

இரண்டு கையாலும் பாரியைப் பிடித்திருந்ததால் முந்தானை சரிந்து தார்ரோட்டில் இழுபட ஆரம்பித்தது. அவனுக்குப் பின்னால் வந்த தங்கப்பொண்ணு ஒரு கையால் தன் பாரியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதைச் சுருட்டி எடுத்து அவன் இடுப்பில் இறுகச் செருகினாள்.

"நட ஆத்தா," என்றாள்.